காரைக்குடியில் இருந்துகொண்டு 34 வயதில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு தொடங்கலாமா?

கேட்டவர் காரைக்குடிக்காரர். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, சண்டைக் கலை எதுவும் கற்றதில்லை, பக்கத்தில் சொல்லித்தர ஆளும் இல்லை என்கிறார். தொடங்கலாமா, என்ன பயன், முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகத் தொடங்கலாம். நான் தொடங்கும்போது எனக்கு 36. சென்னையில் வேலை பார்த்த ஐந்து வருடமும் விடாமல் போய், வெள்ளைக்கு அடுத்த நிலையான புளூ பெல்ட் வாங்கினேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் பாய் விரித்து மூன்று பேர் பயிற்சி செய்கிறோம்.

இதில் குத்து, உதை கிடையாது. எதிராளியைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்து, நல்ல இடத்தைப் பிடித்து, மூட்டைப் பூட்டியோ கழுத்தை இறுக்கியோ அவர் தட்டி ஒப்புக்கொள்ளும்படி செய்வதுதான் ஆட்டம். இதற்கு வேர் ஜூடோ. ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகானில் பயின்ற மிட்சுயோ மாயேடா என்கிற ஜப்பானியர் 1914இல் பிரேசில் போனார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. அவரும் அவருடைய தம்பிகளும் தரைப்பிடியை வளர்த்தெடுத்தார்கள். 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், பல சண்டைக் கலைக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில் அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி, அவ்வளவாகப் பெரிய உடம்பில்லாதவர், ஒரே இரவில் மூன்று பேரை வென்ற பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

சின்ன ஆள் எப்படிப் பெரிய ஆளைச் சமாளிக்கிறார்? சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் பார்த்திருப்பீர்கள். திமிலோடு ஒட்டிக்கொண்டவனைவிட எட்ட நின்று தடுமாறுகிறவன்தான் கொம்புக்கு எளிதில் மாட்டுவான். இங்கேயும் அப்படித்தான். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிவிட்டால் ஓங்கிக் குத்த இடமே இருக்காது. அப்புறம் அவருடைய ஒரு கையை உங்கள் இரண்டு கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து எதிர்க்கிற மாதிரி அமைத்துக்கொள்ள வேண்டும். என் உடன்பிறந்த ஆச்சியின் மகளுக்கு 48 கிலோ எடைதான். அவள் கால்களால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டால் கழற்றுவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். அப்படிக் கீழே இருந்தபடி கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்துவதற்குப் பெயர் கார்டு.

எந்த இடம் எவ்வளவு பெரிது என்பதைப் போட்டிப் புள்ளிக் கணக்கே சொல்லிவிடும். எதிராளியை நிலத்தில் வீழ்த்தினால் 2. கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2. கார்டைத் தாண்டிப் பக்கவாட்டில் அமுக்கினால் 3. வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாலும், முதுகுப் பக்கம் போய்க் கால்களைக் கொக்கி போட்டுக்கொண்டாலும் 4. இந்த வரிசை மனதில் இருந்தால் உருளும்போது எங்கே போவது என்ற குழப்பம் பாதி குறையும்.

ஆனால் முதல் ஆறு மாதம் நீங்கள் கீழேதான் கிடப்பீர்கள். அந்த ஆறு மாதத்தைத் தயவுசெய்து வீணாக நினைக்காதீர்கள். எனக்கு இந்தக் கலை கொடுத்ததில் பெரியது அங்கேதான் கிடைத்தது. 95 கிலோ மனிதர் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருக்கும்போது உடம்பு பதறும், மூச்சு மேல்மூச்சாக வாங்கும், கையை நீட்டித் தள்ளத் தோன்றும். நீட்டினால் அந்தக் கையையே பூட்டிவிடுவார். மூச்சை நீளமாக விட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, இடுப்பை ஒரு சாண் நகர்த்த இடம் கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதை நூறு முறை செய்தபின் உடம்பே பழகிக்கொள்ளும். போன வருடம் அப்பச்சிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது கட்டிலிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. என் இடுப்பை அவரோடு ஒட்டி, முதுகை நிமிர்த்தி, காலால் எழுந்தேன். பாயில் கற்ற அதே அசைவு. அவருக்கும் வலிக்கவில்லை, எனக்கும் இடுப்புப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பும் முதுகும் வயிறும் இப்படி வேலை செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்களே உணர்வீர்கள்.

முதலில் கற்க வேண்டியது தட்டுவது. வலி வரும்வரை காத்திருக்காமல், பிடி விழுந்துவிட்டது என்று தெரிந்ததுமே எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு மூன்று முறை தட்டுங்கள். கை மாட்டிக்கொண்டால் வாயால் சொல்லுங்கள். முதல் மாதத்தில் ஒருநாள் வீம்புக்குத் தட்டாமல் இருந்தேன். முழங்கை மூன்று வாரம் மடங்கவில்லை. அடுத்தவர் தட்டிய நொடியே விடுவதும் அதே அளவு முக்கியம். கழுத்துப் பிடி மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கிறது. சில நொடிகளில் நினைவு தப்பும். ஆகவே வீடியோ பார்த்துவிட்டு நண்பரின் கழுத்தில் சோதிக்கவே கூடாது.

அடுத்து, விழப் பழகுங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து, நீட்டிய கையால் தரையை அறைந்து விழுவது. அப்புறம் பிரிட்ஜ், அதாவது மல்லாந்து கிடந்து இடுப்பைத் தூக்குவது. ஷ்ரிம்பிங் என்றால் இறால் மாதிரி வளைந்து இடுப்பைப் பின்னால் நகர்த்துவது. மூன்றையும் வீட்டிலேயே தினம் பத்து நிமிடம் செய்யலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும் வேண்டாம். வேர்வை பட்டால் வழுக்கும், தலை பட்டால் ஆபத்து. 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள பயிற்சிப் பாய் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இல்லாமல் ஓரளவுக்கு மேல் போக முடியாது. மதுரையும் திருச்சியும் நமக்கு 90 கி.மீ. வாக்கில்தான். வாரம் ஒருமுறை போய்வர முடியுமானால் போங்கள். சொல்லிக்கொடுப்பவர் யாரிடம் பெல்ட் வாங்கினார் என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஆசிரியர் மகிழ்ந்து சொல்வார். ஜூடோ வகுப்பு கிட்டத்தில் கிடைத்தால் அதிலேயே தொடங்கலாம். விழுவதும் பிடிப்பதும் அங்கே அருமையாக வரும். பெல்ட்டுக்கு அவசரம் வேண்டாம். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசையில் கறுப்புக்குப் பத்து வருடம் ஆவது சாதாரணம்.

தற்காப்புக்கு உதவுமா என்றால், ஒருவர் கட்டிப்பிடித்துத் தள்ளும்போது நிச்சயம் உதவும். கத்தி இருந்தாலோ நாலு பேர் வந்தாலோ தரையில் உருளக் கூடாது, ஓடிவிட வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்குப் படர்தாமரை சீக்கிரம் ஒட்டும். பயிற்சி முடிந்ததும் குளியுங்கள், உடுப்பை அன்றைக்கே துவையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தோலில் எதாவது வந்தால் ஆறும்வரை போகாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ பழைய வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, முதல் நாளே ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். முதல் வகுப்புக்கு ஜிப், பாக்கெட் இல்லாத அரைக்கால் சட்டையும் இறுக்கமான பனியனும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கானாடுகாத்தான் பக்கம் வர முடிந்தால் செய்தி அனுப்புங்கள். விழுவதையும் இடுப்பு நகர்த்துவதையும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிடலாம், பாய் இருக்கிறது.