ஷட்ஜம் இடம்பெயரும் இசை

அன்புள்ள ஐயா,

சிறு வயதில் சில ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்றவன் நான். இப்போது மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேஜர் ஸ்கேல் என்றால் சங்கராபரணம், மைனர் என்றால் நடபைரவி என்று நண்பர் ஒருவர் சொன்னார். அப்படியானால் இரண்டே ராகங்களை வைத்துக்கொண்டா இத்தனை காலம் இசையமைத்தார்கள்? ஸ்வரத்தை அசைக்கும் கமகமும் இல்லை. கார்டு, கீ, மாடுலேஷன் என்று புத்தகத்தில் படிக்கிறேன். படித்தால் புரிகிறது, கேட்டால் பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?

எம்.

அன்புள்ள எம்.,

நண்பர் சொன்னது ஸ்வரக் கணக்கில் சரிதான். ஆனால் அந்தக் கணக்கோடு உள்ளே போனால் சங்கராபரணத்தைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். அது அங்கே கிடைக்காது. நம் இசையில் ஒரு ஸ்வரத்தின் குணம் அதற்கு முன்னும் பின்னும் வரும் ஸ்வரங்களாலும், அதை அசைக்கும் விதத்தாலும் அமைகிறது. தம்புரா கடைசிவரை ஒரே ஷட்ஜத்தில் நிற்கிறது. மேற்கத்திய இசையிலோ, ஒரு ஸ்வரம் ஒலிக்கும் அதே நேரத்தில் அதற்குக் கீழே என்ன ஒலிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கீழே இருப்பது மாறினால், மேலே அசையாமல் நிற்கும் ஸ்வரத்தின் குணமும் மாறிவிடும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), கேடென்ஸ், மாடுலேஷன் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722-ல் தொகுத்த 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' முதல் புத்தகத்தின் முதல் பிரிலூடை (முன்னுரை போன்ற சிறு படைப்பு) கேளுங்கள். சி மேஜரில் அமைந்தது. தாள அளவை அவர்கள் மெஷர் என்பார்கள். இதில் 35 மெஷர்தான். பாட்டு என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொரு மெஷரிலும் ஒரு கார்டு, அதன் ஸ்வரங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக உதிரும். அவ்வளவுதான். சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்வோம்.

முதல் மெஷர்: ச க ப ச க. இரண்டாவதில் கீழே ச அப்படியே நிற்க, மேலே ரி த ரி ம வருகிறது. ரி, ம, த மூன்றும் தங்களுக்குள் ஒரு கார்டாகக் கூடிவிட்டன. ச மட்டும் அவற்றோடு ஒட்டாமல் உறுத்துகிறது. ஷட்ஜமே உறுத்தும் இடம்! தம்புராவோடு வளர்ந்த காது இதை முதலில் நம்ப மறுக்கும். மூன்றாவதில் அந்த ச ஒரு படி இறங்கி நிஷாதமாகிறது: நி ரி ப ரி ம. உச்சியில் இருக்கும் ம-வைக் கவனியுங்கள். முந்தைய மெஷரில் ஒலித்த அதே ம, அதே கட்டை. அங்கே அது நிம்மதியாக இருந்தது, உறுத்தியது ச. இங்கே கீழே நி வந்துவிட்டதால் இப்போது ம தவிக்கிறது. நி அரைப்படி ஏறி ச-வை அடையப் பார்க்கிறது, ம அரைப்படி இறங்கி க-வை அடையப் பார்க்கிறது. நான்காவது மெஷரில் இரண்டும் நடக்கின்றன: ச க ப ச க. கேடென்ஸ் என்று புத்தகம் சொல்வது இப்படி வீடு திரும்புவதைத்தான்.

கமகம் இல்லையே என்று வருந்தினீர்கள். அந்த ம அசையாமல் நிற்பதால்தான், கீழே நடக்கும் மாற்றம் அதன்மேல் விழுவது நமக்குக் கேட்கிறது.

ஆறாவது மெஷரில் பிரதிமத்யமம், அதாவது அரைப்படி உயர்ந்த ம, நுழைகிறது. உங்கள் காது உடனே கல்யாணி ராகத்துக்குத் தயாராகும். கல்யாணியில் பிரதிமத்யமம் அந்த ஷட்ஜத்தின் ஆட்சிக்குள்ளேயே வாழ்கிறது. இங்கே அது ஷட்ஜத்தையே பெயர்த்துவிடுகிறது: பஞ்சமத்துக்கு அரைப்படி கீழே நின்று, அதற்கு நிஷாதம் போல் வேலை செய்யத் தொடங்குகிறது. 11-வது மெஷரில் இசை வந்து அமரும்போது பழைய பஞ்சமம்தான் வீடு. இதுதான் மாடுலேஷன். கிரகபேதம் உங்களுக்கு நினைவு வரும். ஆனால் அங்கே இருக்கும் ஸ்வரங்களை வைத்தே ஆதார ஷட்ஜத்தை மாற்றிக் காட்டுகிறோம். இங்கே வெளியிலிருந்து ஒரு ஸ்வரம் வந்து வீட்டை மாற்றுகிறது.

நடபைரவி விஷயத்திலும் இதே நிஷாதம்தான் குறுக்கே வரும். நடபைரவியின் நிஷாதம் ஷட்ஜத்துக்கு ஒரு முழுப்படி கீழே இருப்பதால், ஷட்ஜத்தை நோக்கிய இழுப்பு குறைவு. ஆகவே முடிவு நெருங்கும்போது அதை அரைப்படி உயர்த்திவிடுவார்கள். உயர்த்தினால் வருவது கீரவாணியின் ஸ்வரங்கள். ஒரே மைனர் படைப்புக்குள் இரண்டும் வந்துபோவதைக் கேட்டு, ராகம் கலைகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஷட்ஜத்தை இடம்பெயர்க்கும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. 3:2 என்ற அதிர்வெண் விகிதம் கொண்ட சுத்தப் பஞ்சமமாக 12 முறை ஏறினால், ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி ஏறக்குறைய கால் அரைப்படி மிஞ்சிவிடும். எல்லாக் கீயிலும், அதாவது எந்த ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்தாலும், வாசிக்க வேண்டுமென்றால் அந்த மிச்சத்தை எங்காவது கரைத்தாக வேண்டும். இன்றைய பியானோ அதை 12 பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. அதன் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க), தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிடச் சற்று உயரம். அது உங்களை உறுத்தினால் உங்கள் காது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாக் எந்த விகிதத்தில் சுருதி கூட்டினார் என்பது இன்றும் விவாதத்தில் இருப்பது. ஆனால் 12 ஸ்வரங்களையும் ஷட்ஜமாகக் கொண்டு, மேஜரிலும் மைனரிலுமாக 24 ஜோடிப் படைப்புகளை அந்தப் புத்தகத்தில் வைத்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். அதே பிரிலூடில் மேலே ஓடும் ஸ்வரங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு மெஷரின் முதல் ஸ்வரத்தை மட்டும் வாய்க்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். 24-வது மெஷரிலிருந்து எட்டு மெஷர்களுக்குக் கீழே பஞ்சமம் அசையாமல் நிற்கும். நமக்குப் பஞ்சமம் இளைப்பாறும் இடம். இங்கே கார்டுகள் அதன்மேல் மாறி மாறி வர, ஷட்ஜம் எப்போது வரும் என்ற ஏக்கம் கூடிக்கொண்டே போகும். 32-வதில் ஷட்ஜம் வந்துவிடும், ஆனால் அதோடு கைசிகி நிஷாதமும் (அரைப்படி தாழ்ந்த நி) வரும், ஆகவே அது இன்னும் முடிவு இல்லை. 35-வது மெஷரின் கார்டு வரை காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மெஷர் தாமதம் உங்கள் காதுக்குத் தெரிந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். அடுத்து இதே சி மேஜரில் தொடரும் ஃபியூகை, ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் அந்த வடிவத்தை, பற்றிப் பேசலாம்.