பால் கவர் முனையை வெட்டி வீசாதீங்க! (வாசகர் கேள்வி பதில்)

போன மாசம் மாடித்தோட்டம் பத்தி எழுதினப்போ ஓரமா ஒரு வரி, "சமையலறை குப்பையை பிரிச்சு வைங்க, உரம் ஓசியில கிடைக்கும்"னு எழுதிட்டேன், அவ்ளோதான், தோட்டத்தைப் பத்தி யாரும் கேக்கல, வந்த லெட்டர், மெயில் எல்லாமே குப்பையைப் பத்திதான். சரி, இந்த மாசம் முழுக்க அதுவே.

அக்கா, நான் ஒழுங்கா ரெண்டு தொட்டி வச்சு மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனின்னு பிரிச்சுதான் குடுக்குறேன். வண்டியில வர்றவங்க என் கண்ணு முன்னாடியே ரெண்டையும் ஒண்ணா கொட்டுறாங்க. அப்புறம் நான் எதுக்கு மெனக்கெடணும்? - வாசகி, வேளச்சேரி

இதே கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்கீங்க, கோவம் நியாயம்தான். எங்க தெருவுலயும் இதே கதைதான் நடந்துச்சு. ஒருநாள் பொறுக்க முடியாம நைட்டியோட கீழ இறங்கிப் போய் கேட்டேன். வண்டியில வந்த அம்மா நிதானமா சொன்னாங்க, "நீங்க ஒரு வீடு பிரிச்சு தர்றீங்கம்மா, மிச்ச வீடெல்லாம் ஒரே கவர்ல கட்டித் தர்றாங்க, நான் எந்த டப்பாவுல போடட்டும்?" எனக்கு பதில் வரல. அப்பதான் கவனிச்சேன், வண்டி ஓரத்துல ஒரு சாக்கு தொங்குது, அதுல பால் கவர், வாட்டர் பாட்டில், அட்டைன்னு சேர்த்து வச்சிருக்காங்க, காயலான் கடையில போட்டா டீ செலவுக்காவது ஆகும். ஆனா சாம்பார் ஊறின அட்டையை அவங்களும் எடுக்க மாட்டாங்க, கடைக்காரரும் வாங்க மாட்டார். ஸோ நீங்க காய்ஞ்சதை காய்ஞ்சதாவே குடுத்தா அது அந்த சாக்குக்குள்ள போக வாய்ப்பு இருக்கு, ஈரம் பட்டுருச்சுன்னா நேரா குப்பை மேட்டுக்குதான்.

நான் கண்டுபிடிச்ச வழி இதுதான், ரெண்டையும் ஒரே நாள்ல குடுக்காதீங்க. ஈரக்குப்பை மட்டும் தினம் போகட்டும். காய்ஞ்சதை லேசா அலசி, உதறி, பால்கனியில ஒரு பழைய அரிசி சாக்குல போட்டு வைங்க, நாறாது, எறும்பு வராது, வாரத்துக்கு ஒருநாள் தனியா குடுங்க இல்லைன்னா பழைய பேப்பர்காரர்கிட்ட போடுங்க. ஒரே நேரத்துல கையில ரெண்டு இருந்தாத்தானே கலக்க முடியும்! அப்பவும் சரியாகலைன்னா சென்னை மாநகராட்சி நம்பர் 1913க்கு போன் போட்டு புகார் எண் வாங்கி வச்சுக்கோங்க, ஆனா வண்டியில வர்றவங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ணாதீங்க, பிரிக்காம குடுக்குற வீடுகளைப் பத்தி சொல்லுங்க.

கலந்தா என்ன ஆகும்னு உங்க ஏரியாவுக்கு நான் சொல்லணுமா என்ன, பெருங்குடி பக்கத்துலதானே இருக்கீங்க. 2022 ஏப்ரல் கடைசியில அந்தக் குப்பைக்கிடங்கு பத்திக்கிட்டு நாள்கணக்குல புகைஞ்சதே, ஞாபகம் இருக்கும். நம்ம மீதி சோறும் காய்த்தோலும் பிளாஸ்டிக்குக்கு அடியில காத்தே போகாம அமுங்கிக் கிடந்தா மீத்தேன் வரும், அது எரியுற வாயு. ஒட்டினாப்ல பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதே 2022லதான் அதுக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்குற அங்கீகாரம் கிடைச்சது. ஒரு பக்கம் பூநாரை, ஒரு பக்கம் நம்ம சாம்பார்.

ஐயா/அம்மா, வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. நாப்கினை எப்படி அப்புறப்படுத்துறாங்கன்னு கேக்க எனக்கு சங்கடமா இருக்கு, ஆனா பாத்ரூம் அடைச்சு பிளம்பர் வந்தப்போதான் விஷயம் தெரிஞ்சது. - வாசகர், திருச்சி

கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிசு சார். நாப்கின் உள்ள இருக்குற ஜெல் தண்ணியை உறிஞ்சு பல மடங்கு ஊதும், அதனால டாய்லெட்ல போடவே கூடாது. பழைய பேப்பர்ல நல்லா சுத்தி, மேல சிவப்பு ஸ்கெட்ச்ல ஒரு புள்ளியோ கோடோ போட்டு தனியா குடுக்கணும், அந்த சிவப்பைப் பார்த்தா எடுக்குறவங்க பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க, அதுதான் விஷயமே. 2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதியில கம்பெனிக்காரங்களே சுத்திப் போட கவர் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க, உங்க பொண்ணுங்க வாங்குற பாக்கெட்ல இருக்கான்னு பாக்க சொல்லுங்க. குழந்தை டயப்பருக்கும் இதேதான், உள்ள இருக்குறதை மட்டும் டாய்லெட்ல தட்டிட்டு சுத்துங்க. கேக்க சங்கடமா இருந்தா பாத்ரூம் அலமாரியில பழைய பேப்பர் கட்டும் ஒரு சிவப்பு ஸ்கெட்ச்சும் வச்சுட்டு வந்துருங்க, புரிஞ்சுக்குவாங்க.

பால் கவர், சிப்ஸ் பாக்கெட், ஜூஸ் டப்பா, மூணும் மக்காத குப்பைதானே மேடம்? - வாசகி, விழுப்புரம்

தொட்டி ஒண்ணுதான், தலையெழுத்து வேற வேற. பால் கவர் முழுக்க ஒரே வகை பிளாஸ்டிக், அலசி காயவச்சா கிலோ கணக்குல எடுத்துக்குவாங்க. ஆனா நாம என்ன பண்றோம், முனையை கத்தரியால நறுக்குன்னு வெட்டி அந்த குட்டித் துண்டை சிங்க்ல விட்டுடறோம், அது சாக்கடையிலயும் மாட்டு வயித்துலயும் போய்த்தான் நிக்குது. முக்கால்வாசி மட்டும் வெட்டுங்க, துண்டு கவரோடவே தொங்கட்டும். நானே இதை பல வருஷம் செஞ்சவதான், சொல்ல வெக்கமா இருக்கு. சிப்ஸ் பாக்கெட் வெள்ளியாட்டம் மின்னுதே, அது பிளாஸ்டிக் மேல அலுமினியம் பூசினது, பிரிக்க முடியாது, எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார், மிஞ்சிப் போனா சிமென்ட் ஆலை சூளைக்கு எரிபொருளா போகும். ஜூஸ் டப்பா அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம்னு அடுக்கடுக்கா ஒட்டினது, அலசி தட்டையாக்கி காய்ஞ்ச குப்பையில போடுங்க.

அக்கா, ஓட்டை போட்ட பெயின்ட் பக்கெட்ல உரம் போடுறேன்னு ஆரம்பிச்சேன். ஒரே நாத்தம், உள்ள புழு நெளியுது, அத்தை பக்கெட்டோட தூக்கி வெளிய வீசுங்கறாங்க. - வாசகி, கோவை

வீசாதீங்க கண்ணு! நாத்தம் வேற, புழு வேற. நாத்தம்னா ஈரம் ஜாஸ்தி, காத்து கம்மின்னு அர்த்தம். ஒரு கை காய்த்தோல் போட்டா ரெண்டு கை காய்ஞ்ச சருகோ தேங்காய் நார்த்தூளோ போடணும், ரெண்டும் கிடைக்கலைன்னா அட்டைப்பெட்டியைக் கிழிச்சுப் போடுங்க. மூணு நாளைக்கு ஒருதடவை குச்சியால கிளறி விடுங்க, புளிச்ச மோர் கொஞ்சம் தெளிங்க. குழம்பு, எண்ணெய், மீன் முள்ளு எல்லாம் ஆரம்பத்துல வேணவே வேணாம். புழு தடியா, சாம்பல் நிறமா, வரிவரியா இருந்தா அது ஒரு கறுப்பு ஈயோட புழு, சோத்து மேல உக்காருற வீட்டு ஈ இல்ல. அது நம்ம ஆளு, நாம பத்து நாள்ல எதிர்பார்க்குறதை ரெண்டு மூணு நாள்ல தின்னு தீர்க்கும். பாக்க அருவருப்பா இருந்தா மேல சருகு போட்டு மூடிடுங்க. ரெண்டு மாசத்துல மழை பெஞ்ச மண்ணு வாசம் வரும், வரலைன்னா இன்னும் பதினஞ்சு நாள் விடுங்க.

அத்தைகிட்ட சண்டை போடாம அவங்க தோட்டத்துல எருக்குழி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க, கதையே சொல்லுவாங்க. எங்க ஆத்தா ஊர்ல "காட்டுக்கு குப்பை அடிக்கணும்"னா எரு கொண்டு போய் கொட்டணும்னு அர்த்தம். குப்பைன்னா எருதான், மக்காத குப்பைன்னு அப்போ யாராச்சும் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க.

பீஸ் போன பல்பு, காலாவதி மாத்திரை, சுகர் ஊசி, பழைய செல் பேட்டரி, எல்லாம் ஒரு டிராயர்ல சேர்ந்து கிடக்கு. - வாசகர், மதுரை

சேர்ந்து கிடக்கட்டும், வீசாம வச்சிருக்கீங்களே. இது மூணாவது வகை, வீட்டு அபாயக் கழிவுன்னு அதே 2016 விதியில தனியா சொல்லியிருந்தாங்க, தனியாதான் ஒப்படைக்கணும். ஊசியை மட்டும் தடிமனான பாட்டில்ல போட்டு மூடியை இறுக்கிடுங்க, உங்க ஊசி இன்னொருத்தர் கையில ஏறக்கூடாது. நான் ஒருதடவை உடைஞ்ச டம்ளரை அப்படியே கவர்ல போட்டு, எடுக்க வந்தவர் கைவிரல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, அன்னிக்கு சோறு இறங்கல, அதுலருந்து கண்ணாடின்னா நாலு சுத்து பேப்பர் சுத்தி கையில குடுத்து வாயாலயும் சொல்லிடறேன். செல்போன் பேட்டரி வண்டியில நசுங்கினா தீப்பிடிக்கும், கடையில பழசை எடுத்துக்குறாங்களான்னு கேளுங்க. மாத்திரையை சிங்க்லயோ டாய்லெட்லயோ கொட்டாதீங்க. சுருள் சிஎஃப்எல் பல்புக்குள்ள பாதரசம் இருக்கு, உடைஞ்சா ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் கால் மணி நேரம் வெளிய இருங்க, அப்புறம் துடைப்பம் போடாம ரெண்டு கெட்டி அட்டையால வாரி, செல்லோ டேப்பால ஒத்தி எடுத்து, டப்பாவுல மூடி வைங்க.

எங்க கிராமத்துல வண்டி வராது, எரிச்சா என்ன தப்பு? - வாசகர், திண்டுக்கல் பக்கம்

சருகை மரத்தடியில குவிங்க, அதுவே மக்கி உரமாயிடும். பிளாஸ்டிக்கை எரிக்காதீங்க, அதுவும் பிவிசி பைப், வயர் எரிஞ்சா டயாக்சின்ங்குற கொடிய நச்சு வரும், மொதல்ல மூச்சுல இழுக்குறது உங்க வீட்டு ஆளுங்கதான். ஊராட்சியில தூய்மைக் காவலர் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

"மக்கும் பை"ன்னு அச்சடிச்ச கவரை உரத்தொட்டியில போடலாமா? - வாசகி, நாகர்கோவில்

அது மக்கணும்னா பெரிய உர ஆலையில இருக்குற சூடு வேணும், நம்ம பக்கெட்ல அந்த சூடு வராது. நான் போன பொங்கலுக்கு ஒண்ணு போட்டேன். இந்தப் பொங்கலுக்கு கிளறிப் பார்த்தா "மக்கும் பை"ங்குற எழுத்து கூட அழியல.