எந்த முழங்காலுக்கு எந்தத் தைலம்? – மூட்டுத் தேய்மானம், கேள்வி பதில்

60 வயதைத் தாண்டியவர்களின் மூட்டு வலி பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஆயுர்வேத மருத்துவரின் பதில்கள்.

மஞ்சக்குப்பம்: அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம். பக்கத்து வீட்ல நல்லா கேட்டுச்சுன்னு சொன்னதால கொட்டஞ்சுக்காதி தைலம் வாங்கித் தேய்ச்சோம். மூணாம் நாளே வீக்கம் அதிகமாயிடுச்சு. தைலம் போலியா டாக்டர்?

போலியாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவின் முழங்காலுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். சுக்கு, வசம்பு, பூண்டு, கடுகு, முருங்கைப்பட்டை எல்லாம் போட்டு, புளிச்சாறும் தயிரும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சும் தைலம் அது. நல்ல சூடு. ஏற்கனவே கொதிக்கிற மூட்டில் அதைத் தேய்த்தால் வீங்கத்தான் செய்யும்.

தைலம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. அம்மாவை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, உங்கள் புறங்கையை முதலில் தொடையிலும் அடுத்து முழங்கால் சில்லின் மேலும் வையுங்கள். சில்லு தொடையை விடக் கொஞ்சம் குளிர்ந்து இருப்பதுதான் இயல்பு. தொடை அளவுக்கோ அதற்கு மேலோ சுட்டால் உள்ளே அழற்சி இருக்கிறது. அதற்குப் பிண்டத் தைலம்தான் சரி. மெல்லத் தடவி விடுங்கள். அழுத்தித் தேய்ப்பதும் ஒத்தடமும் வேண்டாம். சுடாமல், காலையில் விறைப்பும் மடக்கும்போது கடகட சத்தமும் இருந்தால் மகாநாராயணத் தைலம் அல்லது தன்வந்தரம். சூடில்லாமல் கொழகொழவென்று வீங்கியிருக்கும் மூட்டுக்குத்தான் கொட்டஞ்சுக்காதி.

ஒரு முழங்காலுக்கு 10 முதல் 15 மி.லி. போதும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, தொடையிலும் கெண்டைக்காலிலும் நீளவாக்கிலும் மூட்டில் வட்டமாகவும் 10 நிமிடம் தேய்த்து (சுடும் மூட்டில் மெல்லத் தடவினால் போதும்), அரை மணி கழித்துப் பச்சைப்பயறு மாவு போட்டு வெந்நீரில் கழுவி விடுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் ஒட்டியிருக்கக் கூடாது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால், மூட்டு வலி இரண்டாம் பட்சமாகிவிடும்.

லாஸ்பேட்டை: ஜானு வஸ்தி வீட்டிலேயே செய்யலாமா? ஒரு தடவைக்கே நிறைய கேக்குறாங்க.

முழங்காலைச் சுற்றி மாவு வளையம் கட்டி, உள்ளே சூடான தைலத்தை நிறுத்தும் சிகிச்சை இது. சுடாத, விறைப்பும் கடகட சத்தமும் உள்ள முழங்காலுக்கு, பக்கத்தில் ஒருவர் துணை இருந்தால் செய்யலாம். ஒரு காலுக்கு 250 கிராம் உளுத்தம் மாவை வெதுவெதுப்பான நீர் விட்டு, சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசையுங்கள். நீளமாக உருட்டித் தட்டி, சில்லைச் சுற்றி 2 அங்குல உயரத்துக்கு வளையமாக நிறுத்துங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்று. வளையத்தின் அடிப்பக்கத்தை ஈரவிரலால் தோலோடு சேர்த்து அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் ஒழுகுவது முழங்காலின் உள்பக்கத்தில்தான், அங்கே மாவு கூடுதலாக வேண்டும். காலில் ரோமம் அதிகமிருந்தாலும் மாவு பிடிக்காது.

100 முதல் 150 மி.லி. தைலம் தேவைப்படும். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். செய்பவரின் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, இதமாக இருந்தால் வளையத்தின் ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும். ஆற ஆறப் பஞ்சால் எடுத்து, சூடான தைலத்தை மாற்றி ஊற்றுங்கள். மொத்தம் 30 நிமிடம், தொடர்ந்து 7 நாள். ஒருவருக்குப் பயன்படுத்திய தைலத்தை அவருக்கே 3 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், பிறகு கொட்டிவிடுங்கள். மாவு தினமும் புதிது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசைந்த மாவு மறுநாளே புளித்துத் தோலை அரிக்கும்.

சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு வீட்டில் செய்யவே கூடாது. சுடுவது தெரியாமல் தோல் வெந்துபோகும். காய்ச்சல், புண், கெண்டைக்காலில் ஒருபக்க வீக்கம் இருந்தாலும் கூடாது.

செலவு கட்டுப்படியாகாது என்றால் கல்லுப்பு ஒத்தடமே போதும். 250 கிராம் உப்பை வெறும் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, எண்ணெய் தடவிய மூட்டில் ஒத்தி ஒத்தி எடுக்கவும். மார்கழி விறைப்புக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் மரத்துப் போன காலுக்கு இதுவும் ஆகாது.

நெல்லிக்குப்பம்: கருவாடு, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தணுமா?

எது சாப்பிட்டால் வயிறு உப்பி, மறுநாள் வலி கூடுகிறதோ அதை மட்டும் குறைத்தால் போதும். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தள்ளி வைப்பது நல்லது. யூரிக் அமிலம் கூடியதால் வரும் வலி வேறு நோய், அதன் பத்தியத்தைத் தேய்மானத்துக்குப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உடம்பில் 1 கிலோ குறைந்தால், அடி வைக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும். இரவில் இரண்டு இட்லியைக் குறைப்பது, கத்தரிக்காயை விடுவதை விடப் பலன் தரும்.

வில்லியனூர்: அப்பா பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுறார். கூடவே கஷாயமும் குக்குலுவும் கொடுக்கலாமா?

குக்குலு என்பது ஒருவகை மரப்பிசினில் செய்யும் மருந்து. அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் டில்டியாசம், ப்ரோப்ரனலால் மாத்திரைகள் உடம்பில் சேரும் அளவைக் குக்குலு குறைக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமாகக் குக்குலு வாங்கக் கூடாது.

தடை ஏதும் இல்லையென்றால் வழக்கமான அளவு: ராஸ்னா சப்தகக் கஷாயம் 15 மி.லி., காய்ச்சி ஆறிய நீர் 45 மி.லி. கலந்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில். யோகராஜ குக்குலு ஒரு மாத்திரை, இருவேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறு இளகினாலோ தோலில் தடிப்பு வந்தாலோ நிறுத்துங்கள். தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தில் வெல்லம் உண்டு, அப்பாவுக்கு வேண்டாம்.

கடையில் பெயரை முழுசாகப் படித்து வாங்குங்கள். மகாயோகராஜ குக்குலு என்பது வேறு. அதில் ஈயம் உட்பட உலோக பஸ்மங்களும் (உலோகத்தைச் சுட்டு எடுக்கும் பொடிகள்) பாதரசம் சேர்ந்த ரசசிந்தூரமும் சேரும். சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு மருத்துவர் சீட்டில்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

கடலூர் முதுநகர்: வாரம் ஒருநாள் வர்ற ஒருத்தர்கிட்ட மூட்டுவலிப் பொடி வாங்குறோம். ரெண்டே நாள்ல வலி பறந்துடுது. ஆனா அம்மா முகம் உப்பலா இருக்கு, சர்க்கரையும் ஏறுது.

மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. கஷாயத்தின் பலன் தெரியவே சில வாரம் ஆகும். லேபிள் இல்லாத பொடி, இரண்டு நாளில் நிவாரணம், உப்பிய முகம், ஏறும் சர்க்கரை: ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சந்தேகிக்க இவ்வளவும் போதும். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீர் நிறுத்தத்தில் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே அரசு மருத்துவமனைப் பொதுமருத்துவப் பிரிவுக்குப் போங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பாகூர்: முடக்கத்தான் தோசை, பூண்டுப் பால் ரெண்டும் நிஜமாவே கேக்குமா?

முடக்கத்தான் நல்ல கீரை. ஒரு கைப்பிடியை அரைத்து ஒரு டம்ளர் மாவில் கலந்தால் போதும், அதற்கு மேல் போனால் கசக்கும், சிலருக்குப் பேதியாகும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. எந்தத் தைலமும் கஷாயமும் வளர்க்காது. வலியையும் விறைப்பையும் தணிப்பதற்குத்தான் இவை எல்லாம்.

பூண்டுப் பாலில் பலர் அளவைத் தவற விடுகிறார்கள். உரித்த பூண்டு 10 கிராம், பால் 80 மி.லி., தண்ணீர் 320 மி.லி. தண்ணீர் முழுதும் வற்றிப் பால் அளவு நிற்கும் வரை சிறு தீயில் காய்ச்சி வடிகட்ட வேண்டும். வெறும் பாலில் பூண்டைத் தட்டிப் போட்டு இரண்டு கொதி விட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

திருப்பாதிரிப்புலியூர்: நடந்தா மூட்டு இன்னும் தேயுமா?

நடக்காமல் இருந்தால் தொடைத்தசை சூம்பி, பாரம் முழுக்க மூட்டில் இறங்கும். சமதரையில் 10 நிமிடம், வலி அனுமதித்தால் இரண்டு வேளை. படியேற்றமும் சம்மணமும் குறையட்டும். முழங்காலுக்கு அடியில் துண்டு வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள்; 10 முறை, காலை மாலை. தைலத்துக்குச் செலவழிக்கும் வீடுகளில்கூடப் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை! கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும்.

அரியாங்குப்பம்: ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. ஆயுர்வேதத்துல தவிர்க்க முடியுமா?

படுத்திருக்கும்போதும் வலி, கால் வில்லாக வளைவு, வீட்டுக்குள்ளேயே நடை தடுமாற்றம். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் தள்ளிப் போடாதீர்கள். தொடைத்தசை முழுக்கச் சூம்பிய பிறகு செய்தால் எழுந்து நடக்க நாள் பிடிக்கும். சாப்பிடும் குக்குலு, கஷாயம், பூண்டுப் பால் எல்லாவற்றையும் அறுவை மருத்துவரிடம் சொல்லி, இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், ரத்தக்கசிவு கூடலாம். மேலே சொன்ன துண்டுப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். தையல் முழுக்க ஆறி, அவர் சரி என்று சொல்லும்வரை அந்தக் காலில் எந்தத் தைலமும் படக் கூடாது.