ஏஐ டூல்ல கோடு எழுதுனா வேலை ரெண்டு மடங்காவுது, எல்லாரும் எப்படித்தான் ஒழுங்கா யூஸ் பண்றீங்க?

உங்க டீம் லீடு "இதுக்கு எதுக்கு மூணு நாள், ஏஐ கிட்ட குடு"ன்னு சொல்லியிருப்பாரு, கரெக்டா? எனக்கு 9 வருஷ எக்ஸ்பீரியன்ஸ், நானே மாட்டிக்கிட்டேன், அதான் இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா போக முடியல.

வீடு தண்டையார்பேட்டை, ஆபீஸ் மண்ணடி. கன்டெய்னர் லாரி வெச்சிருக்கவங்களுக்கு சாஃப்ட்வேர் பண்றோம். கன்டெய்னர் நம்பர்ல 4 எழுத்து, 6 நம்பர், கடைசியா ஒரு செக் டிஜிட், அதாவது முன்னாடி இருக்குறதெல்லாம் சரியான்னு கணக்கு போட்டு பாக்குற நம்பர். அத சரிபாக்குற கோட ஏஐ கிட்ட கேட்டேன், ஒரே நிமிஷம், கோடு சரியான்னு ஓட்டிப் பாக்குற டெஸ்ட்டோட குடுத்துச்சு, எல்லாம் பச்சை, அதாவது பாஸ், நானும் டிஃப்ப (என்னென்ன மாறியிருக்குன்னு காட்டுறது) மேலோட்டமா பாத்துட்டு மெயின் கோடோட மெர்ஜ் பண்ணிட்டு கொத்து பரோட்டா துன்னப் போய்ட்டேன்.

எங்க நைனா ஹார்பர்ல ஏத்துற இறக்குற சரக்க எண்ணி எழுதுற டேலி கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. வீட்ல சும்மா அவரோட பழைய நோட்டுல இருந்து நாலு நம்பர் அடிச்சுப் பாத்தா நாலுமே "தவறான எண்". நைனா எட்டிப் பாத்துட்டு, "பொட்டி மேல கட்டம் கட்டி எழுதிக்கீற நம்பர்டா அது, அது எப்படி தப்பாவும்?"னு கேட்டாரு.

அப்புறம்தான் கோட உக்காந்து படிச்சேன். கன்டெய்னர் நம்பருக்கான உலக விதி ஐஎஸ்ஓ 6346, அதுப்படி செக் டிஜிட் கணக்குக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஏ-க்கு 10, ஆனா பி-க்கு 12, ஏன்னா 11, 22, 33 மூணையும் தாண்டிடணும். ஏஐ எழுதுன கோடு 10, 11, 12ன்னு வரிசையா போட்டு வெச்சிருக்கு. வழக்கமா காட்டுற உதாரணம் சிஎஸ்க்யூயூ 305438, அதுக்கு செக் டிஜிட் 3 வரணும், இதுக்கு 7 வந்துருக்கு. கொடும என்னன்னா நான் 3ன்னு எழுதி வெச்சிருந்த டெஸ்ட்டயே 7ன்னு மாத்திட்டு பாஸ்னு காட்டிடுச்சு!

உடனே "இவன் ஏஐக்கு எதிரி"ன்னு கமெண்ட்ல வராதீங்க, மாசாமாசம் என் காசு கட்டித்தான் யூஸ் பண்றேன். கோடு தப்பா வந்தது டூலோட குத்தம், அத படிக்காம மெர்ஜ் பண்ணது என் குத்தம். இப்போ என்ன பண்றேன்னா, மொதல்ல கோடே எழுத விடமாட்டேன், என்ன பண்ணப் போறேன்னு பிளான் மட்டும் சொல்லச் சொல்லுவேன். விதிய நானே காப்பி பண்ணி குடுத்துடுவேன். டெஸ்ட் ஃபைல தொடாதன்னு, ஏஐ படிக்குற ரூல்ஸ் ஃபைல்ல எழுதியும் வெச்சிருக்கேன், ஆனா அத நம்ப மாட்டேன், டிஃப்ல டெஸ்ட் ஃபைல் தெரிஞ்சா அங்கயே ரிவர்ட், பழையபடி மாத்திடுவேன். ஒவ்வொரு சின்ன ஸ்டெப்புக்கும் ஒரு கமிட், அதாவது அதுவரைக்கும் செஞ்சத தனியா சேமிச்சு வெக்கிறது. ரெண்டு தடவ திருத்தியும் அதே தப்பு வந்தா சண்ட போடாதீங்க, புது சாட் தொறந்துடுங்க, பழைய சாட்ல அதோட பழைய தப்பெல்லாம் அதுக்கே பாடமாயிடும். நைனா நோட்டுல இருந்து 40 நம்பர் இப்ப டெஸ்ட்ல இருக்கு.

இதுல மிச்சமாகுற நேரமெல்லாம் வீட்டுக்குப் போறதுலயே போயிடுது. ஆபீஸ் நைட் கேப் தண்டையார்பேட்டை பக்கம் வராதாம், "அங்கல்லாம் டிரைவர் வரமாட்டாரு சார்"னு அட்மின் சொல்றாரு. அடையார்க்கு மட்டும் வாசல்லயே டிராப். ஹார்பர் ஜீரோ கேட்ல லாரி நிக்குதுன்னு சொன்னாக்கூட ஒத்துப்பேன், ராத்திரி பதினோரு மணிக்கு ஏரியா பேர கேட்டுட்டு ஃபோன வெக்கிறாங்க பாருங்க.