போன இடத்தில் எவ்வளவு?

வணக்கம் சார்,

நான் பதினொரு வருட அனுபவம் உள்ள கணக்காளர். அப்பா படுத்த படுக்கையானபோது மூன்று வருடம் வேலையை விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது கிடைத்த சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டேன். முன்பு வாங்கியதைவிடக் குறைவுதான். பேரம் பேசத் தெரியாதது என் தப்பு. இப்போது வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஆன்லைன் படிவத்தில் ‘தற்போதைய சம்பளம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. பூஜ்யம் என்று போட்டேன். மறுநாளே எச்.ஆரிலிருந்து ஃபோன். “மேடம், டைப்பிங் மிஸ்டேக்கா?” என்றார்கள். இரண்டு நாளில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உள்ளதைச் சொல்வதா, கொஞ்சம் கூட்டிச் சொல்வதா? சில நாடுகளில் இந்தக் கேள்வியையே தடை செய்துவிட்டார்கள் என்று தோழி சொல்கிறாள். உண்மையா? நீங்கள் ஒரு காலத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கூட்டிச் சொல்லலாமா என்றால், வேண்டாம். சம்பளச் சீட்டைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதில் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

‘பேரம் பேசத் தெரியாதது என் தப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். பதினொரு வருடமாக மற்றவர்கள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். இந்தக் கணக்கில் மட்டும் எப்படி ஏமாந்தீர்கள்? மூன்று வருட இடைவெளியை எப்படி விளக்குவது என்று தெரியாமல், கிடைத்ததைப் பிடித்துக்கொண்ட ஒரு நாளில் விழுந்த எண் அது. அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு அவசரம் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது அதில் எங்கேயும் இல்லை. அதைத் தூக்கி உங்கள் தலையில் நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள்.

‘டைப்பிங் மிஸ்டேக்கா’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. அந்த மாதிரி ஃபோனை எத்தனையோ முறை போட்டவன் நான்.

எழுத்து சோறு போடாத காலத்தில் நான் இருந்த அலுவலகத்தில், விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘கடைசியாகப் பெற்ற சம்பளம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்து, கால்குலேட்டரில் 1.15 ஆல் பெருக்கி, வரும் தொகையைப் படிவத்தின் வலது மூலையில் பென்சிலால் எழுதுவது என் வேலை. மேலாளர் அதன் மேல் பேனாவால் எழுதுவார். முடிந்தது. இத்தனைக்கும் ஒவ்வொரு பதவிக்கும் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று அனுமதிக்கப்பட்ட ஒரு தாள் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. வந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஒருநாள் ஒரே பதவிக்கு இரண்டு பேர் தேர்வானார்கள். ஒரு பெண், ஒரு ஆண். எழுத்துத் தேர்வில் அந்தப் பெண்தான் முந்தியிருந்தார். உங்களைப் போலவே நடுவில் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். கட்டத்தில் மணி மணியான கையெழுத்தில், சில்லறை வரை விடாமல் எழுதியிருந்தார். 1.15 ஆல் பெருக்கினேன். தாளில் இருந்த கீழ் வரம்புக்கும் கீழே வந்தது. மேலாளரிடம் காட்டினேன். “கீழ் வரம்புக்கு ஏத்தி விட்டுடு, சந்தோஷப்படுவாங்க” என்றார். சந்தோஷப்படத்தான் செய்தார். என் மேசைக்கு வந்து நன்றிகூடச் சொன்னார். அந்த ஆணின் தொகை மேல் வரம்பை ஒட்டி வந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பல வருடம் கழித்து அமெரிக்காவின் ஐலீன் ரைசோ வழக்கைப் படித்தபோது நடுவில் எழுந்து போய்விட்டேன். 2009இல் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ கவுண்டி கல்வி அலுவலகத்தில் கணித ஆலோசகராகச் சேர்ந்தவர். அங்கே விதி, பழைய சம்பளத்தோடு 5 சதவீதம். கூட்டிப் பார்த்தால் அவருக்குச் சம்பள ஏணியின் முதல் படியைக்கூட எட்டவில்லை, ஆகவே முதல் படியில் உட்கார வைத்தார்கள். 2012இல் சக ஊழியர்களோடு மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், அதே வேலைக்குத் தனக்குப் பிறகு வந்த ஆண் ஒன்பதாவது படியில் சேர்ந்தது அவருக்குத் தெரிகிறது. வழக்குப் போட்டார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அது வெளியாவதற்குச் சில நாள் முன்பு இறந்துபோயிருந்தார். நீதிபதிப் பதவி ஆயுளுக்குத்தான், அதற்கு அப்பாலும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே மறுபடி விசாரித்து அதே முடிவுக்கு வந்தது: ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பள வித்தியாசத்துக்குப் பழைய சம்பளத்தைக் காரணமாகக் காட்ட முடியாது.

இதில் என்ன அநியாயம், எல்லோருக்கும் ஒரே 5 சதவீதம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் கணக்காளர், நீங்களே போட்டுப் பாருங்கள். ஒருவர் 100இல் தொடங்குகிறார், இன்னொருவர் 125இல். வேலை ஒன்றே. வித்தியாசம் 25. இருவரும் மூன்று முறை வேலை மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் இருவருக்கும் சரிசமமாக 20 சதவீத உயர்வு. முதலாமவருக்கு 120, 144, 172.80. மற்றவருக்கு 150, 180, 216. 25 ஆக இருந்த வித்தியாசம் 43.20 ஆகிவிட்டது. நடுவில் எவரும் எவருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. எல்லோரும் என்னைப் போல ஒழுங்காகப் பெருக்கினார்கள், அவ்வளவுதான். முதல் இடத்தில் யாரோ செய்ததை மூன்று இடங்களில் மூன்று நல்லவர்கள் வட்டி போட்டு வளர்த்தார்கள். கடையில் அரிசி வாங்கப் போனால், போன வாரம் எங்கே என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டுவிட்டா விலை சொல்கிறார்கள்?

சரி, தடைச் சட்டம். தோழி சொன்னது உண்மை. அமெரிக்காவில் மாநில அளவில் முதலில் கொண்டுவந்தது மாசசூசெட்ஸ். 2016இல் நிறைவேற்றி 2018 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதற்குள் நியூயார்க் நகரமும் கலிஃபோர்னியாவும் முந்திக்கொண்டன. ஃபிலடெல்ஃபியாவில் வணிகர் அமைப்பு நீதிமன்றத்துக்கே போனது, கேள்வி கேட்பது எங்கள் பேச்சுரிமை என்று! கீழ் நீதிமன்றத்தில் அது எடுபடவும் செய்தது. 2020இல் மேல்முறையீட்டில் நகரம் ஜெயித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட விதியின்படி, பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ அவர்களே முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். உறுப்பு நாடுகளுக்குக் கெடு 2026 ஜூன் 7.

அந்த ஐரோப்பிய விதியின் இரண்டாவது பாதிதான் முக்கியம் என்பேன். கேள்வியை மட்டும் தடுத்தால் என்ன ஆகும்? நிறைய வாங்குகிறவர் கேட்காமலேயே பெருமையாகச் சொல்லிவிடுவார். வாய் மூடி இருப்பவருக்குக் குறைச்சல்தான் என்று எதிரே இருப்பவர் ஊகித்துக்கொள்வார். நானே ஊகித்திருக்கிறேன். இழுப்பறையில் இருக்கிற தாள் மேசைக்கு மேலே வந்தால்தான் விஷயம் மாறும். கொலராடோவில் 2021 முதல் வேலை விளம்பரத்திலேயே வரம்பைப் போட வேண்டும்.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன். பூஜ்யம் போட்டது நல்ல வேலை, அதற்காக வெட்கப்படாதீர்கள். ஃபோன் செய்தவர் மேல் எரிந்து விழவும் வேண்டாம், அவர் பென்சில் பிடிக்கிற ஆள். நீங்களே கூப்பிட்டு, “அது தப்பாகப் போட்டதில்லை. இந்த வேலைக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. சங்கடமாக இருக்கும், உளறிவிடத் தோன்றும். பேசிவிடாதீர்கள். என்னிடம் அப்படி யாராவது கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருந்திருந்தால், இழுப்பறையைத் திறந்திருப்பேன்.