பிலிப்பைன்ஸில் 20 ஆயிரம் பேர் இருக்கும் ஊருக்கு எதற்கு மேயர்?

"20 ஆயிரம் பேர் இருக்கும் பட்டிக்காட்டுக்கெல்லாம் மேயரா, வெட்டிச் செலவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை மேயரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மனைவியின் ஊர் சிகிஹோர் தீவில் உள்ள லாசி. ஏறக்குறைய நீங்கள் சொல்லும் அளவுதான். அதனால் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

அங்கே ஒவ்வொரு முனிசிபாலிட்டிக்கும் மேயர், துணை மேயர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 8 கவுன்சிலர்கள் உண்டு. பதவிக்காலம் மூன்று ஆண்டு. 1991 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதாரம், வேளாண் விரிவாக்கம், சமூக நலம் எல்லாம் இவர்கள் தலையில்தான். ஊர் டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பதே முனிசிபாலிட்டிதான். நம் பேரூராட்சித் தலைவரிடம் போய் டாக்டர் வரவில்லை என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மத்திய வரி வருவாயில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறது. ஒரு முனிசிபாலிட்டியின் பங்கு எவ்வளவு என்பதில் பாதி மக்கள்தொகையை வைத்தும், கால்வாசி நிலப்பரப்பை வைத்தும் முடிவாகிறது. மீதிக் கால் எல்லோருக்கும் சமம். 2020 கணக்கெடுப்பில் சிகிஹோர் மாகாணம் முழுக்கவே 1,03,395 பேர்தான். படித்த பிள்ளைகள் டுமகெட்டே, செபு, வளைகுடா என்று கிளம்பிவிடுகிறார்கள். என் மனைவியும் அப்படிப் போனவள்தான். தலை குறைந்தால் பணமும் குறையும். சொந்த வருமானம் பெரிதாக இல்லாத ஊருக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

ஆனால் நிஜமான அரசாங்கம் மேயருக்கும் கீழே, பரங்காயில் இருக்கிறது. பரங்காய் என்றால் முனிசிபாலிட்டிக்குள் இருக்கும் மிகச் சின்ன உள்ளாட்சிப் பிரிவு. லாசிக்குள் 18 பரங்காய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கபிதான், அதாவது தலைவர், அவரோடு 7 உறுப்பினர்கள். அது எப்படி நடக்கிறது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆடுகள் என் மாமனாரின் மக்காச்சோளத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வாய்ச்சண்டை முற்றி, மாமனார் பரங்காய் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். கூடைப்பந்து மைதானத்தை ஒட்டிய சின்னக் கட்டடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். கபிதான் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் வக்கீல் படித்த தன் மருமகனைக் கூட்டி வந்திருந்தார். "நீ வெளியே உட்கார் தம்பி" என்று அந்த அம்மா அவனை அனுப்பிவிட்டார். இந்தப் பஞ்சாயத்தில் வக்கீல் பேசக் கூடாது என்பது சட்டம். பிறகு இருவரையும் முழுசாகப் பேசவிட்டார். வேலியை யார் கட்ட வேண்டும் என்பதிலேயே நெடுநேரம் போனது. கடைசியில், அறுவடைக்குப் பிறகு ஒரு மூட்டை சோளம் கொடுப்பது, ஆடுகளைக் கட்டிப்போடுவது, வேலிச் செலவு பாதிப் பாதி என்று முடிவு. செயலாளர் எழுதினார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், எல்லோருக்கும் பன்னும் கோக்கும் வந்தது. பத்து நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் அந்தக் காகிதத்துக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு. ஒரே ஊர்க்காரர்களின் இந்த மாதிரித் தகராறுகளை முதலில் இங்கே பேசாமல் நேராகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

என் அப்பா ஒரு வரப்புத் தகராறுக்காகத் தமிழ்நாட்டில் கோர்ட் படி ஏறியவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாய்தா இன்னும் நடக்கிறது. அன்றைக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"அங்கே ஓட்டுக்குப் பணம் இல்லையா, குடும்ப ஆட்சி இல்லையா" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இருக்கிறது. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் மேயராக முடியாது என்றால் மனைவியையோ மகனையோ நிறுத்தும் வழக்கம் நாடு முழுக்க உண்டு. 1987 அரசியல் சட்டம் குடும்ப ஆட்சி கூடாது என்கிறது, ஆனால் அதை வரையறுத்து முழுமையாகத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. பிலிப்பைன்ஸ் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சின்ன ஊருக்கு அதிகாரம் கொடுப்பது வெட்டிச் செலவு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சிகிஹோர் என்றதும் "சூனியத் தீவு" என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்து எங்கள் சொந்தக்காரர்களே என் மனைவியிடம் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் நாட்டு வைத்தியர்கள். புனித வாரத்தில் வேரும் பட்டையும் சேகரித்து எண்ணெய் காய்ச்சுவார்கள். நம் ஊரில் பாட்டி கை வைத்தியம் செய்தால் பாரம்பரியம், அதே வேலையை அவள் பாட்டி செய்தால் சூனியமா? அவளிடம் இனி யாரும் இதைக் கேட்க வேண்டாம்.