எட்டு நாளும் ஒரு கடற்கரையும்

அன்புள்ள சார்,

அந்தமான் பயணம் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதிய குறிப்பைப் படித்ததிலிருந்து அங்கே போக ஆசை. நானும் மனைவியும் ஈரோட்டில் வேலை பார்க்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, பறவைகள் என்றால் உயிர். அறுபத்தெட்டு வயது அம்மாவும் உடன் வருகிறார். அரையாண்டு விடுமுறையை ஒட்டி எட்டு நாள் கிடைக்கும். கூட்டமில்லாத, இயற்கை கெடாத தீவுகளாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

ஏஜென்ட் ஒருவர் திட்டம் போட்டுத் தந்திருக்கிறார். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங், ரங்கத், டிக்லிபூர், திரும்பும்போது லிட்டில் அந்தமான். வழியில் ஜாரவா பழங்குடியினரையும் பார்த்துவிடலாம் என்கிறார். இது சரியாக வருமா? நிக்கோபாரையும் சேர்க்க முடியுமா? பவளப்பாறைகளை எங்கே பார்ப்பது? அம்மாவால் சமாளிக்க முடியுமா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஏஜென்ட் தந்திருப்பது படகுத்துறைகளின் பட்டியல். எட்டு நாளில் ஏழு இடம் என்றால் நீங்கள் பார்க்கப்போவது டிக்கெட் கவுன்டர்களையும் காத்திருப்பு அறைகளையும்தான். என் முதல் அந்தமான் பயணம் அப்படித்தான் போனது. ஐந்து நாளில் ஆறு தீவு. திரும்பி வந்து யோசித்தால், ஒரு தீவின் மணலுக்கும் இன்னொன்றின் மணலுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

நிக்கோபாரை முதலில் விட்டுவிடுங்கள். அங்கே போகத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும், சுற்றுலாவுக்காக அதைத் தருவதில்லை. நம்மவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது வேறு கதை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் சிலரைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

லிட்டில் அந்தமான் அருமையான இடம். ஆனால் அதற்குப் போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் போக வேண்டும், டிக்லிபூர் வடக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது, கன்னியாகுமரியையும் கல்கத்தாவையும் ஒரே வார இறுதியில் பார்ப்பது மாதிரி. தூரம் அவ்வளவு இல்லைதான். ஆனால் அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, அடுத்த கப்பல் என்றைக்கு என்பதில் அளக்கிறார்கள்.

அந்தமானில் கூட்டத்தைத் தீர்மானிப்பதும் இதுதான். விமானத்தில் இறங்கி, அன்றே வேகப்படகு பிடித்துப் போகக்கூடிய இடங்களில் கூட்டம் இருக்கும். ஹேவ்லாக்கும் நீலும் அப்படி. (2018இல் அவற்றுக்கு ஸ்வராஜ் த்வீப், ஷாகீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருந்தால் பதறாதீர்கள்.) டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே நிற்க இடமிருக்காது. கூட்டம் வேண்டாம் என்றால், போய்ச்சேர ஒரு முழுநாள் ஆகும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி ஒரு நாளைச் செலவழித்துப் போனபிறகு மறுநாளே கிளம்புவதில் அர்த்தமில்லை.

ஜாரவாக்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வரிதான். உங்களைக் குறை சொல்லவில்லை. எல்லா ஏஜென்ட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லும் விஷயம் அது. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் அந்தமான் ட்ரங்க் ரோடு அவர்களுடைய காட்டை ஊடுருவிப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்தி, வரிசையாக, காவல்துறை வண்டியின் பின்னால் அனுப்புவார்கள். நடுவே நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. மீறினால் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி சிறை. 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையின் ஒரு பகுதியை மூடச் சொன்னது. மூடவில்லை. ஜாரவாக்கள் மொத்தமே சில நூறு பேர். 1990களின் பிற்பகுதி வரை வெளியாட்களை அம்பால் விரட்டியவர்கள். அதன்பிறகு வெளியே வரத் தொடங்கினார்கள், 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2012இல், உணவுக்காக அவர்களை ஆடவைத்த காணொளி வெளியாகி நாடே தலைகுனிந்தது.

நானும் ஒருமுறை அந்தச் சாலையில் போனேன். அதிகாலை மூன்றரைக்கு பஸ் ஏறி, காலை ஆறு மணி வரிசையில் நின்றோம். காட்டுக்குள் நுழைந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பஸ் முழுக்க விழித்துக்கொண்டது. எல்லாருடைய முகமும் ஜன்னலில். என் முகமும்தான். ஒரு வளைவில் இரண்டு சிறுவர்கள் சாலையோரம் நின்றிருந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்க்கவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ சீவிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள். இரண்டு வினாடியில் கடந்துவிட்டோம். மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்தது போல இருந்தது, ஆனால் கூண்டுக்குள் இருந்தது நாங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. திரும்பும்போது கடல்வழியில்தான் வருவது என்று அன்றே முடிவுசெய்தேன்.

ரங்கத்துக்கு போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பல் உண்டு. தினமும் கிடையாது, டிக்கெட்டும் சில நாட்களுக்கு முன்னால்தான் தருவார்கள், கையில் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அதில் போனால் ஜாரவா காட்டைத் தொடாமலேயே மத்திய அந்தமானில் இறங்கிவிடலாம். மேல்தளத்தில் உட்கார்ந்தால் பறக்கும் மீன்கள் கப்பலுக்கு முன்னால் சிதறி ஓடுவதைப் பார்க்கலாம். உங்கள் அம்மாவுக்கு பஸ்ஸைவிட இது எவ்வளவோ மேல். குமட்டலுக்கு மாத்திரை மட்டும் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

நான் கடைசியாகப் போனது ஒரு பிப்ரவரியில், வடக்கே டிக்லிபூர் பக்கம் காளிபூர் கடற்கரைக்கு. சாம்பல் நிற மணல், புகைப்படத்துக்கு லாயக்கில்லாத கடற்கரை. பின்னால் அந்தமானிலேயே உயரமான சாடில் பீக், சுமார் 730 மீட்டர். நான்கு இரவு தங்கினேன். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட வரும் கரை அது. நான் பார்த்தது பங்குனி ஆமையை மட்டும்தான், அதுவும் மூன்றாவது இரவில்.

முதல் இரண்டு இரவும் வனத்துறை ஊழியர் ஒருவரோடு கரையில் மேலும் கீழும் நடந்ததுதான் மிச்சம். மணல் ஈ கடித்துக் கணுக்கால் முழுக்கச் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் பத்தரை மணிவாக்கில் அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். டிராக்டர் ஏறிவந்த மாதிரி ஒரு தடம், அதன் முடிவில் ஒரு கரிய மேடு. பின்துடுப்புகளால், சமையல்காரர் அண்டாவிலிருந்து கரண்டியால் அள்ளுவது போல அத்தனை பதமாக மணலை அள்ளி அள்ளிக் குழி தோண்டியது. முட்டையிடத் தொடங்கிய பிறகு கிட்டே போகலாம் என்றார். நூறு முட்டைக்கு மேல் இருக்கும். மூடி முடித்ததும் ஒன்று செய்தது. உடம்பை இடமும் வலமும் ஆட்டி, வயிற்று ஓட்டால் மணலைத் தொம் தொம்மென்று இடித்துக் கெட்டிப்படுத்தியது. அந்தச் சத்தம் உட்கார்ந்திருந்த எனக்கு அடிவயிற்றில் கேட்டது. அப்புறம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட ஏழுவரி ஆமைகளின் முதுகில் கருவி பொருத்தி அனுப்பியதில், சில ஆஸ்திரேலியா பக்கமும் சில ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் போயிருக்கின்றன. ஒதுக்குப்புறமான தீவு என்று நாம் சொல்கிறோம். அவற்றுக்கு அது நாற்சந்தி போல.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களைக் காளிபூருக்குப் போகவேண்டாம் என்கிறேன். உங்களிடம் இருப்பது எட்டு நாள். டிக்லிபூருக்குப் போகவர நான்கு நாள் போய்விடும், கப்பல் தாமதமானால் ஐந்து. எனக்குத் திரும்பும் கப்பல் வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போய், விமானத்தைத் தவறவிட்டு, புது டிக்கெட்டுக்கு அழுதேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, காற்று அப்படி. அம்மாவோடு அந்த ஆபத்து வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

ரங்கத்தோடு நிறுத்துங்கள். முதல் நாள் போர்ட் பிளேர், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கப்பல். ரங்கத்துக்கு வடக்கே கத்பர்ட் பே இருக்கிறது, அதுவும் ஆமைகள் வரும் சரணாலயக் கரை. அதை ஒட்டி மூன்றோ நான்கோ இரவு ஒரே அறையில் தங்குங்கள். டிசம்பர் கடைசியில் முட்டையிட வருவது தொடங்கியிருக்கும், நிச்சயம் பார்ப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன். குஞ்சுகள் வெளிவருவது பிப்ரவரி, மார்ச் வாக்கில்தான். பக்கத்தில் தனிநல்லா என்ற இடத்தில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகையில் நடைபாதை போட்டிருந்தார்கள், கடைசியில் கடலில் போய் முடியும். அம்மா மெதுவாக நடக்கலாம். ஒரு நாள் எரட்டா துறையிலிருந்து படகில் லாங் ஐலண்ட் போய்வாருங்கள், அலை அனுமதித்தால். போர்ட் பிளேருக்கு விமானத்துக்கு முந்தைய நாள் அல்ல, அதற்கும் முந்தைய நாளே வந்துவிடுங்கள். மிஞ்சும் அந்த ஒரு நாளில் செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். அங்கே ஒரு நாள் தேவைதான்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நம்மூர்ச் செம்போத்தின் உடம்பு கறுப்பு. அந்தமான் செம்போத்துக்கு உடம்பு முழுக்கத் தவிட்டு நிறம், கறுப்பே இருக்காது. அந்தமான் மரங்கொத்தியோ உடம்பெல்லாம் கறுப்பு, கொண்டை மட்டும் சிவப்பு. இவை இரண்டையும் அவளே கண்டுபிடிக்கட்டும். இருவாசிக்காகத் தேட வேண்டாம், இங்குள்ள இருவாசி இனம் கிழக்கே நார்கொண்டம் என்ற குட்டித் தீவில் மட்டும்தான் வாழ்கிறது, உலகில் வேறெங்கும் இல்லை. வழியில் புள்ளிமான் தென்பட்டால் சந்தோஷப்படுவாள். அவற்றை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள், தின்ன ஒரு புலியோ சிறுத்தையோ இல்லாமல் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன என்பதை அவளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

பவளப்பாறை பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. கடலுக்கடியில் இருந்த பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. தெற்கே போர்ட் பிளேர் பக்கமோ நிலம் கீழே இறங்கியது. பிறகு 2010இல் கடல் சூடாகி நிறைய பவளம் வெளுத்துப்போனது. இன்னும் உயிருள்ள இடங்கள் உண்டு, படகுக்காரருக்குத் தெரியும். கரையில் கிடக்கும் பவளத்துண்டு, சங்கு எதையும் பெட்டியில் போடாதீர்கள். விமானநிலையத்தில் பிடிப்பார்கள், சட்டப்படி குற்றம்.

கூட்டமில்லாத கரை சுத்தமான கரையாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். தாய்லாந்து எழுத்து அச்சிட்ட பாட்டில்கள் ஒதுங்கிக் கிடக்கும், பெருக்க ஆளில்லை. குளிப்பதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கேளுங்கள், கழிமுகம் பக்கத்தில் இருந்தால் கேட்காமலேயே தவிர்த்துவிடுங்கள். உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். 2010இல் ஹேவ்லாக்கிலேயே ஒரு வெளிநாட்டுப் பெண்ணை இழுத்துப் போயிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, சோறும் மீன் குழம்பும் எங்கும் கிடைக்கும். அம்மா சைவம் என்றால் பருப்பும் உருளைக்கிழங்கும்தான் நான்கு நாளும், ஊறுகாய் கொண்டுபோங்கள். இந்தி தெரியாவிட்டாலும் கடைத்தெருவில் யாராவது ஒரு தமிழர் அகப்படுவார். கையில் ரொக்கம் வைத்திருங்கள். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் பொழுதைக் காலை ஐந்து மணிக்கே தொடங்குங்கள்.

இரவில் கரைக்குப் போகும்போது வனத்துறையினரிடம் சொல்லிவிட்டு, அவர்களோடுதான் போக வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், அதனால் டார்ச்சுக்கு மேல் கட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் வேண்டும். ஈரோட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான் டிக்லிபூர் பஜார் முழுக்கத் தேடிக் கிடைக்காமல், கடைசியில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் பரிசுப்பெட்டியின் உறையைக் கிழித்துத் தந்தார். பெட்டியையும் சேர்த்து வாங்கவேண்டியதாகிவிட்டது.